பட்டாவில் விவசாயம், நிலத்தில் காடு: அப்பா விட்டுச் சென்ற 6 ஏக்கரை என்ன செய்வது?

தோட்டப்புறத்தில் 'காடு' என்றால் புலி உலாவும் இடம் என்று யாரும் நினைப்பதில்லை. பால்மரக் காடு, செம்பனைக் காடு, வெளிக்காட்டு வேலை என்று நம்மவர்கள் சொன்னதெல்லாம் நிரை பிடித்து நட்ட மரங்களைத்தான். விடியற்காலையில் பெரட்டு முடிந்து "காட்டுக்குப் போறேன்" என்று கிளம்பியவர்கள் வேலைக்குத்தான் போனார்கள்.

நில அலுவலகத்தின் பதிவேட்டில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. தீபகற்ப மலேசியாவில் நடைமுறையில் இருக்கும் தேசிய நிலச் சட்டம் தனியாருக்குத் தரப்படும் நிலத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது: விவசாயம், கட்டடம், தொழில்துறை. வனம் என்று நான்காவது வகை எதுவும் கிடையாது. வனம் என்பது மாநில அரசாங்கத்தின் சொத்து. தனியாருடைய பட்டா நிலத்தில் மரங்கள் தாமாக அடர்ந்து வளர்ந்திருந்தால், சட்டத்தின் பார்வையில் அது பெரும்பாலும் 'தானா தெர்பியார்', அதாவது கைவிடப்பட்ட நிலம்.

இது ஏட்டளவிலான விவகாரம் போலத் தெரியலாம். ஆனால் கெடாவிலிருந்து ஜொகூர் வரை நம்மவர் குடும்பங்களிடம் மிஞ்சியிருக்கும் நாலு, ஆறு, பத்து ஏக்கர் துண்டு நிலங்களின் கதி இதில்தான் இருக்கிறது.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பெயர் தேவையில்லை, படிப்பவர்களில் பலருக்கு இது சொந்தக் கதையாகவே இருக்கும். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. 55 வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், துண்டாடப்பட்ட தோட்டமொன்றின் ஓரத்தில் 6 ஏக்கர் ரப்பர் நிலம் வாங்கினார். முடிந்தவரை தாமே வெட்டினார். முடியாதபோது பாதிப் பங்குக்கு ஆள் விட்டார். ரப்பர் விலை விழுந்ததும் அந்த ஆளும் வரவில்லை. அப்பா காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அண்ணன் ஷா ஆலமில், அக்காள் சுங்கை சிப்புட்டில், தம்பி சிங்கப்பூரில். நிலத்தில் இப்போது நிரை தெரியவில்லை. பால்மரங்களுக்கு இடையில் மகாங் மரம் எழுந்து, கொடி படர்ந்து, காட்டுப்பன்றி குட்டி போடும் இடமாகிவிட்டது. ஒரு மூலையில் சிற்றோடை ஓடுகிறது. அதற்கு அப்பால் மலைச்சரிவு, அரசாங்கக் காடு.

இந்த நேரத்தில் ஒரு குத்தகைக்காரர் வருகிறார். "மரத்தை எல்லாம் நானே எடுத்துக்கிறேன், நிலத்தைச் சுத்தமா தள்ளிக் கொடுக்கிறேன், கையில் ஒரு தொகையும் தர்றேன்" என்கிறார். மூவருக்கும் அது நல்ல பேச்சாகத்தான் படுகிறது. எதற்கு ஒப்புக்கொள்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

விற்றுவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். விற்கலாம், அது அவரவர் உரிமை. ஆனால் இந்த நிலங்கள் எப்படி நம் கைக்கு வந்தன என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1950களில் வெள்ளைக்காரத் துரைமார்களின் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்றார்கள். தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் ஏராளம். அதற்குப் பதிலாகத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் 10 வெள்ளி வீதம் தொழிலாளர்களிடம் பங்குப் பணம் சேர்த்து, கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார். கூட்டாக வாங்கிய நிலம் அது. தனியாக, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய நிலங்கள் எண்ணிக்கையில் குறைவு. விற்ற பிறகு திரும்ப வாங்குவது எளிதல்ல.

வைத்துக்கொள்வதென்றால் சட்டம் என்ன எதிர்பார்க்கிறது? விவசாய நிலத்தைப் பெற்றவர் மூன்று ஆண்டுகளுக்குள் முழுமையாகப் பயிரிட வேண்டும், அதன் பிறகும் தொடர்ந்து முறையாகப் பராமரிக்க வேண்டும் என்பது நிலச் சட்டத்தின் 115ஆவது பிரிவில் அடங்கியுள்ள நிபந்தனை. இதை மீறினால் நில நிர்வாகி சரிசெய்யச் சொல்லி அறிவிப்புக் கொடுக்கலாம். சரிசெய்யாவிட்டால் நிலம் அரசாங்கத்துக்கே திரும்பிப் போகவும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஓடைக்கு நல்லது, பறவைக்கு நல்லது என்று ஒருவர் தம் நிலத்தை மரமாகவே விட்டு வைத்தால், சட்டம் அவரைப் பாராட்டாது. சோம்பேறி என்றுதான் எழுதி வைக்கும்.

ஆனாலும் 6 ஏக்கர்காரர் முதலில் பயப்பட வேண்டியது 115ஆவது பிரிவுக்கு அல்ல, நில வரிக்குத்தான். பெரும்பாலான மாநிலங்களில் மே 31க்குள் அந்த ஆண்டு வரியைக் கட்டியிருக்க வேண்டும். பாக்கி நின்றால் 6ஏ என்ற அறிவிப்பு வரும். மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் நிலம் பறிபோகலாம். அந்தக் கடிதம் பட்டாவில் உள்ள முகவரிக்குத்தான் போகும். அந்த முகவரி இடிக்கப்பட்ட லயத்து வீடாக இருந்தால்? அண்ணன் கட்டுவார் என்று தம்பியும், தம்பிதானே சிங்கப்பூர் வெள்ளி சம்பாதிக்கிறான் என்று அண்ணனும் இருந்துவிட்டால்? மலைச்சரிவும் மகாங்கும் அடுத்த பிரச்சனைகள். வரி ரசீது கையில் இருக்க வேண்டும்.

பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால், எந்தக் குத்தகைக்காரரிடமும் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை வாரிசுகள் பெயருக்கு மாற்றியாக வேண்டும். உயில் இல்லாத சிறு சொத்துகளுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நில அலுவலகத்திலேயே மனுச் செய்யலாம். மூவரில் ஒருவர் மட்டும் போட்ட கையெழுத்து, நாளைக்கு வழக்காக வந்து நிற்கும். பிரித்துக்கொள்வதிலும் எல்லை உண்டு. விவசாய நிலத்தை ஒரு ஹெக்டரில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவாக, அதாவது சுமார் ஒரு ஏக்கருக்குக் கீழ், பொதுவாகத் துண்டு போட முடியாது. பேரப் பிள்ளைகள் காலம் வரை பிரித்துக்கொண்டே போகலாம் என்ற கணக்கு செல்லாது.

சும்மா விட்டால் காடாகுமா?

"அப்படியே விட்டுடுவோம், இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்ற பேச்சு நகரத்துப் பிள்ளைகளிடம் இப்போது அதிகம் கேட்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் கைவிட்ட ரப்பர் நிலம் தானாக மெராந்திக் காடு ஆகிவிடுவதில்லை. முதலில் வருவது லாலாங் புல், செண்டுடுக் செடி, மகாங் மரம். மெராந்தி, கப்பூர் போன்ற பெருமரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பவை அல்ல. சில ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் காடே சேர்ந்து பூத்துக் காய்க்கும். அவற்றின் இறக்கை விதைகளும் தாய் மரத்தை விட்டு வெகு தூரம் போகாது. அருகில் தாய் மரமில்லாத நிலம் முப்பது வருடம் கழித்தும் புதராகவே நிற்கலாம். அதற்குள் கொடிகள் ஏறி நல்ல மரங்களையும் சாய்த்துவிடும்.

கைபோட்டு வளர்த்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி தூரத்தில் இல்லை, கெப்போங்கில் இருக்கிறது. மலேசிய வன ஆய்வுக் கழகம், நம்மவர்கள் 'ஃப்ரிம்' என்று சொல்லும் இடம், 1920களில் ஈயம் தோண்டிப் பாழாகி, காய்கறித் தோட்டம் போட்டுக் கிடந்த பூமி. அதில் நாற்று நட்டு, களை எடுத்து, நிழல் கொடுத்து வளர்த்ததுதான் இன்று வார இறுதியில் குடும்பத்தோடு நடக்கப் போகும் அந்தக் காடு. 2025இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. கப்பூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கும் காட்சியைப் படம் எடுப்பவர்களில் எத்தனை பேர், அவை கையால் நட்டவை என்று அறிந்திருப்பார்கள்?

அங்கே அரசாங்கப் பணமும் நூறு ஆண்டு அவகாசமும் இருந்தன. 6 ஏக்கர்காரரிடம் இரண்டும் இல்லை. ஆனாலும் வேலையின் அடிப்படை ஒன்றுதான்: எதை வைப்பது, எதை எடுப்பது, எதை நடுவது என்று முடிவு செய்து, முதல் சில ஆண்டுகள் களையும் கொடியும் வெட்டுவது. பால்மரக் காட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

லாரி ஏறுவதற்கு முன்

குத்தகைக்காரரின் பேச்சுக்குத் திரும்புவோம். 25, 30 ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரத்துக்கு ஒரு காலத்தில் விறகு விலைதான். 1980களுக்குப் பிறகு தளவாடத் தொழில் அதைத் தேடத் தொடங்கியது. மூவாரில் செய்யப்படும் மேசை நாற்காலிகளில் பெரும்பகுதி ரப்பர் பலகைதான். வெட்டிய ரப்பர் கட்டையைச் சில நாட்களுக்குள் அறுத்து மருந்தேற்ற வேண்டும், இல்லாவிட்டால் நீலப் பூஞ்சையும் வண்டும் பிடித்துவிடும். குத்தகைக்காரர் அவசரப்படுத்துவதற்கு இது ஒரு காரணம். ஆலை எவ்வளவு தூரம், லாரி உள்ளே வரப் பாதை உண்டா என்பதைப் பொறுத்து விலை ஏறி இறங்கும். ஒரே ஒருவரிடம் விலை கேட்டுவிட்டுச் சம்மதிப்பதும், 'மொத்தமாக இவ்வளவு' என்ற பேச்சுக்குத் தலையாட்டுவதும் நட்டத்தில்தான் முடியும். முதலில் நடந்து எண்ணிப் பார்க்க வேண்டும்: ரப்பர் எத்தனை, அதற்கிடையில் தானாக வளர்ந்த காட்டு மரம் எத்தனை, எவ்வளவு பருமன்.

அந்தக் காட்டு மரங்களில்தான் கண்ணி இருக்கிறது. தம் நிலத்து மரம் தம்முடையது, எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி, பட்டா நிலத்திலிருந்தும் வனப் பொருளை வெளியே கொண்டு போக வன இலாகாவின் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத லாரி சாலையில் பிடிபட்டால், முதலில் தேடப்படுபவர் பட்டாவில் பெயர் உள்ளவர். எல்லை தாண்டுவது இன்னும் ஆபத்து. எல்லைக்கல் புதருக்குள் மறைந்திருக்கும். மண்வாரி இயந்திரம் ஓட்டுபவருக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் யாருடைய காடு என்று தெரியாது, அல்லது தெரியாதது போல் இருக்க வசதியாக இருக்கும். அரசாங்கக் காட்டில் அனுமதியின்றி மரம் எடுப்பதற்கான உச்ச அபராதத்தை நாடாளுமன்றம் 2022இல் 5 லட்சம் வெள்ளியிலிருந்து 50 லட்சம் வெள்ளியாக உயர்த்தியிருக்கிறது. ஒரு நில அளவையாளரை அழைத்துக் கல்லைத் தேடி வைப்பதற்கு ஆகும் செலவு அதற்கு முன் ஒன்றுமே இல்லை.

வெட்டிய பிறகு மிஞ்சும் கிளைகளைக் கொளுத்திவிடுவது பழைய வழக்கம். திறந்தவெளி எரிப்பு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம், நில உரிமையாளரே பொறுப்பாளியாகக் கருதப்படுவார். 'சுத்தமா தள்ளிக் கொடுக்கிறேன்' என்பதன் பொருள் தீ வைப்பதா, குவித்து மக்கவிடுவதா என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது புத்திசாலித்தனம்.

இனி அந்த ஓடை. ஐந்து மீட்டருக்கும் குறுகிய ஓடைக்கு இரு கரையிலும் தலா 5 மீட்டர் விடவேண்டும் என்பது வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி. ஆறு அகலமாக ஆக, விடவேண்டிய கரையும் 50 மீட்டர் வரை கூடும். கணக்குப் போட்டால் பயம் போய்விடும். நிலத்துக்குள் ஓடை 150 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், இரு கரையும் சேர்த்து விடுவது 1,500 சதுர மீட்டர். ஆறு ஏக்கரில் அது அரை ஏக்கர்கூட இல்லை. அந்தக் கரையில் வேர் பிடித்த மரம் இருந்தால் மழைக்கு மண் நிற்கும். இல்லாவிட்டால் மண் ஓடைக்குப் போய், கீழே உள்ளவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரும். 2022 ஜூலையில் கெடா, பாலிங்கில் குனோங் இனாஸ் மலையடிவாரக் கம்பங்களுக்குள் சேறும் மரக்கட்டையும் பாய்ந்து மூவர் உயிரிழந்தபோது, மலைமேல் நடந்த டுரியான் தோட்டத் திட்டம் பற்றி நாடே பேசியது. அது பெரிய திட்டம், இது 6 ஏக்கர் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் ஒரு சரிவில் பத்துப் பேர் தலா 6 ஏக்கரைச் சீவினால் அது 60 ஏக்கர். செம்பனைக்கு நாட்டில் கட்டாயமாக்கப்பட்டுள்ள எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் விதிகளும் 25 பாகைக்கு மேற்பட்ட சரிவில் புதிதாக நடுவதை ஏற்பதில்லை.

தூசுன் காட்டும் வழி

சட்டம் கேட்பது பயிர். நிலம் கேட்பது மரம். இரண்டுக்கும் இடையில் நடக்க ஒரு பாதை இந்த மண்ணிலேயே இருக்கிறது. மலாய்க்காரர் கம்பங்களில் 'தூசுன்' என்கிறார்கள்: டுரியான், மங்குஸ்தீன், லங்சாட், பெத்தாய், ஜெரிங் எல்லாம் கலந்து, உயரம் உயரமாய் நிற்கும் பழத்தோட்டம். தூரத்திலிருந்து பார்த்தால் காடு. நில அதிகாரி வந்து பார்த்தால் விவசாயம். சரிவிலும் ஓடைக்கரையிலும் இருக்கும் மரங்களை விட்டு வைத்து, சமநிலத்தில் பழமரமும் மறுநடவு ரப்பரும் வைத்து, ஓரங்களில் செந்தாங் போன்ற பலகை மரங்களை நடுவது 6 ஏக்கரில் முடியாத காரியம் அல்ல. செந்தாங் வேறு யாருமல்ல, நம் வேப்ப மரத்தின் நெருங்கிய சொந்தம். தாவரவியலில் இரண்டும் ஒரே குடும்பப் பெயரோடுதான் இருக்கின்றன. 1990களில் 'பதினைந்து வருடத்தில் பணக்காரர்' என்ற ஆசையில் தேக்கும் செந்தாங்கும் நட்டு ஏமாந்தவர்கள் உண்டு. எனவே பலகை மரத்தைப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கான சேமிப்பாக நினைப்பதே நல்லது. மாதச் செலவுக்கு அதை நம்ப முடியாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில பட்டாக்களில் 'சியாராட் ஞாத்தா' என்ற வெளிப்படை நிபந்தனையில் 'கெத்தா', அதாவது ரப்பர் என்று பயிரின் பெயரே குறிக்கப்பட்டிருக்கும். வேறு பயிர் வைக்க மாநில அரசாங்கத்திடம் நிபந்தனை மாற்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். பட்டாவின் அந்த ஒரு வரியைப் படிக்காமல் நாற்று வாங்கக் கூடாது.

டுரியான் வைப்பவர்களுக்கு இன்னொரு சேதியும் உண்டு. டுரியான் பூ மாலையில் விரிந்து இரவில் மகரந்தம் மாற்றும். அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் தேன் குடிக்கும் குகை வௌவால். தைப்பூசத்துக்கு நாம் படியேறும் பத்துமலையின் குகைகள் அந்த வௌவாலின் பெயர் பெற்ற வீடு. டுரியான் பூக்காத மாதங்களில் அது கடலோரச் சதுப்புக் காட்டின் பூக்களைத் தேடிப் பல கிலோமீட்டர் பறக்கிறது. குகையும் வேண்டும், சதுப்பும் வேண்டும், நடுவில் மரமுள்ள நிலங்களும் வேண்டும். எல்லாரும் எல்லாவற்றையும் சீவிவிட்டு டுரியான் மட்டும் நட்டால், பூவுக்கு விருந்தாளி வரமாட்டான்.

வாங்குபவர்களும் இப்போது நிலத்தைப் பார்க்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த காடழிப்பு எதிர்ப்புச் சட்டத்தின் பட்டியலில் ரப்பரும் செம்பனை எண்ணெயும் மரமும் இருக்கின்றன. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு அழித்த நிலத்தின் விளைச்சல் அங்கே நுழைய முடியாது என்பது அதன் சாரம். அமலாக்கம் தள்ளிப்போடப்பட்டு வந்தாலும், நிலத்தின் இருப்பிட விவரத்தைக் கேட்கும் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. வானிலிருந்து எடுக்கும் படத்துக்குப் புதர் மண்டிய பழைய ரப்பரும் காடும் ஒன்றுபோலத் தெரியலாம். இது ரப்பர் நிலம்தான் என்று காட்ட அப்பாவின் பழைய பால் விற்ற ரசீது, ரிஸ்டா அட்டை, வெட்டுவதற்கு முன் எடுத்த தேதியிட்ட படங்கள் உதவும். அலமாரியைச் சுத்தம் செய்யும்போது அந்தக் காகிதங்களைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

இவ்வளவையும் உரிமையாளர் தலையிலேயே கட்டுவது நியாயமா என்ற கேள்வி நிற்கிறது. 1992 ரியோ மாநாட்டில் நாட்டின் நிலப்பரப்பில் பாதியாவது காடாக இருக்கும் என்று மலேசியா உலகத்துக்கு வாக்குக் கொடுத்தது. காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசாங்கம் 2019 முதல் தனி மானியம் கொடுக்கிறது. முதல் ஆண்டு ஒதுக்கியது 6 கோடி வெள்ளி, பிறகு அது பல மடங்கு கூடியது. அந்தப் பணம் போவது மாநில அரசாங்கங்களுக்கு. 2006இல் தொடங்கிய வனத் தோட்டக் கடன் திட்டமும் பெரும் பரப்பில் நடும் நிறுவனங்களை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டது. ஓடைக்கரையில் அரை ஏக்கரை விட்டுக்கொடுக்கும் சிறுதோட்டக்காரருக்கு நில வரியில் பத்து வெள்ளி கழிவுகூடக் கிடையாது. பட்டாவில் நான்காவது வகையைச் சேர்ப்பது பெரிய சட்டத் திருத்தம், இன்று நாளை நடக்காது. ஆனால் நில வரி மாநிலத்தின் கையில் இருக்கிறது. கரையிலும் சரிவிலும் மரத்தை வைத்திருக்கும் பகுதிக்கு வரியைக் குறைப்பதை எந்த மாநில ஆட்சிக்குழுவும் பரிசீலிக்கலாம். அதை எழுப்ப வேண்டியவர்கள் நம் சட்டமன்ற உறுப்பினர்கள். துண்டு நிலம் வைத்திருக்கும் வாக்காளர்கள் கேட்டால்தான் அவர்களும் எழுப்புவார்கள்.

அந்த மூன்று பிள்ளைகளின் கதைக்கு வந்தால், குத்தகைக்காரருக்கு இந்த வாரமே பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அவசரம் அவருக்குத்தான். பெருநாள் விடுமுறையில் மூவரும் ஒன்றாக ஊருக்கு வரும்போது, பட்டா நகலும் வரி ரசீதும் எடுத்துக்கொண்டு, பாராங் கத்தி தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு, நிலத்துக்குள் ஒரு முறை நடந்து வரலாம். எல்லைக்கல் நான்கும் எங்கே என்று தேடலாம். ஓடையின் அகலத்தை அளந்து பார்க்கலாம். அப்பா வெட்டிய கோடு இன்னும் தெரியும் மரங்கள் எத்தனை என்று எண்ணலாம்.